திராய்மடுவுக்கு ஒரு பித்தளைப் பாகைமானி

ஜனவரி 10, வெள்ளி. பஸ்ஸில்

யாழ்ப்பாணத்தில் இருந்து மட்டக்களப்புக்கு இரவு பஸ். ஜன்னல் கரை சீட் கிடைத்தது, ஆனால் ஜன்னல் முழுதாக மூடாது. வவுனியா தாண்டும் வரை தூறல் முழுக்க என் இடது தோளில்தான். மடியில் ஒரு பிஸ்கட் டின். பக்கத்தில் இருந்தவர் "பலகாரமோ?" என்று கேட்டார். "பாகைமானி" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பள்ளிக்கூடக் கொம்பாஸ் பெட்டியில் வருகிற அரைவட்டப் பிளாஸ்டிக் துண்டை நினைக்க வேண்டாம். இது முழு வட்டம். 360 பாகை, ஆறு அங்குல விட்டம், தனிப் பித்தளை. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் மயிர் போல இரண்டு கோடு குறுக்கே கீறியிருக்கும். அந்தச் சந்தியைத் தாளில் உள்ள புள்ளிக்கு மேல் வைக்க வேண்டும். வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு மடக்குக் கை, கை நுனியில் ஊசி. வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுக் கைகளை அமத்தினால் தாளில் இரண்டு ஊசித்துளை விழும். பாகைமானியைத் தூக்கிவிட்டு, இரண்டு துளையையும் அடிமட்டம் வைத்துச் சேர்த்தால் கோடு நடுப்புள்ளி வழியாகப் போக வேண்டும். போகாவிட்டால் எங்கோ பிழை விட்டிருக்கிறீர்கள். கருவியே சொல்லித் தந்துவிடும்.

ஒவ்வொரு கையோடும் ஒரு வேணியர், நுணுக்கமாக வாசிக்க உதவுகிற சின்ன அளவுகோல், சேர்ந்து ஓடும். வட்டம் அரைப் பாகை அரைப் பாகையாகப் பிரித்திருக்கிறது. வேணியரில் 29 அரைப் பாகையின் நீளத்தை 30 ஆகப் பங்கிட்டிருக்கிறது. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராகிறது என்று பார்த்தால் ஒரு கலை வரை, அதாவது பாகையில் அறுபதில் ஒன்று வரை, வாசிக்கலாம். கண் நல்லதாக இருந்தால். எனக்கு இப்போது அதற்கு ஒரு கண்ணாடி, அதற்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி.

சாமான் என்னுடையதில்லை. கடன்.

2004ஆம் ஆண்டு ஐப்பசியில் நான் மட்டக்களப்பில் காணி பிளான் கீறுகிற வேலையில் இருந்தேன். சமாதான காலம், காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். என்னிடம் இருந்த பாகைமானி கீழே விழுந்து வெடித்துவிட்டது. நாவலடியில் ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் நல்ல சாமான் இருக்கிறது, ஆனால் ஆள் ஒரு மாதிரி என்றார்கள். போனேன். தந்தார். தகப்பன் காலத்துச் சாமானாம். தகப்பன் நில அளவைக்காரரோடு அளவுச் செயின் பிடிக்கப் போனவர். "பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்திக் கொண்டுவந்து தாறன் ஐயா" என்று சொல்லி வாங்கினேன். மார்கழி தொடங்கியதும் வேலை முடிந்து யாழ்ப்பாணம் வந்துவிட்டேன். டிசம்பர் 26 அன்று கடல் வந்தது.

நாவலடி போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். ஆளும் போயிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் சொன்னால் பொய். போன ஆவணியில் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் சொல்கிறார்: "அந்த மெசின் ஐயாவா? திராய்மடுவில இருக்கார். இப்பவும் எதையோ பூட்டிக் கழட்டிக்கொண்டுதான்." சோறு இறங்கவில்லை.

இன்னொரு குற்றமும் இருக்கிறது. எட்டுப் பத்து வருடத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு அம்மா குத்துவிளக்கோடு இதையும் சேர்த்துப் பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டா. பளபள என்று வந்தது. கோடுகளுக்குள் இருந்த கறுப்பு முழுக்கப் போய்விட்டது.

ஜனவரி 11, சனி. கல்லடி

விடிய ஆறரைக்கு இறங்கினேன். கோட்டைமுனைப் பாலத்தடியில் ஒரு பிளேன்டீ. கடைக்காரருக்கு "தாங்கோ" என்று ஒரு சொல் சொன்னதுமே "யாழ்ப்பாணமா?" என்றார். இங்கே எல்லாம் "தாங்க", "இருங்க". எங்கள் "ங்கோ" முன்னால் போய்த் தாளம் போட்டுவிடும்.

நேரே திராய்மடு போயிருக்க வேண்டும். போகவில்லை. காந்திப் பூங்காவில் வாவியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம், கோட்டையைச் சுற்றி அரை மணித்தியாலம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். மதிலில் ஏறி நின்றால் இரண்டு பக்கம் வாவி. பிறகு கல்லடிப் பாலத்தால் நடந்தேன். பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம் அகலமாகக் கிடக்கிறது. வாகனம் எல்லாம் அதில். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இப்போது நடக்கிறவர்களுக்கும் தூண்டில்காரருக்கும். எனக்கு அதுதான் பாலம்.

நாவலடி வரை போனேன். ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். சவுக்கு மரங்கள் நல்ல உயரம் வந்துவிட்டன. நினைவுத்தூபியில் பெயர்களை வாசித்தேன். அவருடைய வீடு இருந்த ஒழுங்கை எது என்று பிடிபடவில்லை. கிணறு ஒன்றைத் தேடினேன். கிணறு என்றால் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு. திராய்மடு

சுனாமிக்குப் பிறகு நாவலடி ஆட்களுக்குக் காணி கொடுத்த இடம் திராய்மடு. ஒழுங்கைகள் எல்லாம் அடிமட்டத்தால் கீறியது போல நேர். "மெசின் ஐயா வீடு" என்று கேட்டதும் சைக்கிளில் வந்த பெடியன் ஒருவன், "நேர போய் வலப்பக்கம் கிறுகுங்க, சில்லு நிக்கும்" என்றான். சில்லு நின்றது. வேலிக்கு உள்ளே ஒரு கம்பத்தில் சைக்கிள் பின் சில்லைப் படுக்க வைத்துப் பூட்டியிருந்தது, டயர் இல்லாமல்.

ஐயாவுக்கு 86 வயது. சாரம், பொத்தான் மாறிப் பூட்டிய சேர்ட். என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், டின்னை வாங்கித் திறந்தார். பாகைமானியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஆர் இத புளி போட்டுத் தேச்ச?"

இருபது வருடத்துக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் வசனம் அது. அம்மா என்றேன். "நல்ல மனுசி. விளக்கெண்டு நினைச்சிருப்பா" என்றார். பிறகு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்து விரல் விட்டார். "பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்திக் கொண்டு வாறன் எண்டீங்க. நாள் சரி. வருஷம்தான் கொஞ்சம் பிசகு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். "பயப்புடாத மனே. இது என்ட பகிடி இல்ல. இங்கிலாந்து ராசா ராம்ஸ்டனுக்குச் சொன்ன பகிடி."

அப்படித்தான் அன்றைய நாள் தொடங்கியது. மத்தியானச் சோற்றுக்கு ஐயாவின் வீட்டு அம்மா கூப்பிடும் வரை பழைய இங்கிலாந்துக் கருவிக்காரர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன்தான். ஏதோ பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஆள் போலக் கதைத்தார்.

யோர்க்ஷயரில் ஹலிபாக்ஸ் பக்கம், 1735இல் பிறந்தவர். துணித் தொழில் பழகிய பெடியன். லண்டனுக்கு வந்து, இருபது தாண்டிய பிறகுதான் கருவி செய்கிற ஒருவரிடம் புதிதாகத் தொழில் பழகச் சேர்ந்தார். கொஞ்சக் காலத்திலேயே பெரிய கடைக்காரர் எல்லாம் கருவிகளில் பாகைக் கோடு கீறுகிற வேலையை இவரிடம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். தொலைநோக்கி வில்லைக்குப் பேர்போன ஜோன் டொலண்டின் மகளைக் கட்டினார். சீதனம் என்ன தெரியுமா? வில்லைக் காப்புரிமையில் ஒரு பங்கு. "எனக்கு ஒரு மாடும் கண்டும் தந்தாங்க" என்று ஐயா சொன்னதும் குசினிக்குள் இருந்து அம்மா, "அந்த மாட்டுப் பாலத்தான இவ்வளவு காலம் குடிச்சீங்க" என்றா.

அரசர் கதை இதுதான். மூன்றாம் ஜோர்ஜ் ஒரு கருவிக்குச் சொல்லிவைத்தார், நாளும் குறித்துக் கொடுத்தார். ராம்ஸ்டன் அதே நாள் அதே மணிக்கு அரண்மனை வாசலில் கருவியோடு நின்றார், ஒரு வருடம் கழித்து. அரசர் கோபப்படவில்லை, நாளும் நேரமும் சரி, வருடத்தில் மட்டும் பிழை என்றாராம். டப்ளின் பக்கத்து டன்சிங்க் வான் ஆய்வகத்தார் அவ்வளவு அதிர்ஷ்டக்காரர் இல்லை. 1785இல் வானத்துக் கோணம் அளக்கப் பத்தடி வட்டம் ஒன்றுக்குச் சொன்னார்கள். இவர் பத்தடி சரிவராது என்று ஒன்பதடி ஆக்கினார், அதுவும் பிடிக்காமல் எட்டடி ஆக்கினார். போய்ச் சேர்ந்தது 1808இல். ராம்ஸ்டன் இறந்து எட்டு வருடம். இத்தாலி வானியலாளர் பியாசி மட்டும் கெட்டிக்காரர்: லண்டனுக்கே வந்து பட்டறையில் குந்தியிருந்து விடாமல் நச்சரித்து, 1789இல் ஐந்தடி வட்டத்தைக் கையோடு பலேர்மோவுக்குக் கொண்டுபோனார். 1801 ஜனவரி 1 அன்று சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தது அந்தக் கருவியால்தான்.

"சோம்பேறி எண்டு நினைக்காதீங்க" என்றார் ஐயா. "அந்தாளுக்கு ஒரு சாமான் கையை விட்டுப் போகக்குள்ள அதில ஒரு குறை தெரியும். மறுகா திரும்பப் பிரிச்சுருவார்." பிக்கடிலியில் அறுபது பேர் வரை வேலை செய்த பட்டறை இருந்தும், பின்னேரத்தில் குசினி அடுப்பங்கரையில்தான் உட்கார்ந்து படம் கீறுவாராம். ஒரு பக்கம் பூனை, மற்றப் பக்கம் ஒரு குவளை போர்ட்டர் பியர், ஒரு துண்டு பாண், வாயில் ஏதோ பாட்டு. கூலிக்காரரும் அதே அடுப்பங்கரையில்.

நான் முற்றத்தைப் பார்த்தேன். தையல் மெசின் மிதியில் பூட்டிய திருவலை ஒன்று, மிதி மட்டும் இருக்கிறது, பல்லு இல்லை. ஜாம் போத்தலில் மழைமானி, அளவுக்கோடு பாதி வரை. ஒற்றை முள் மணிக்கூடு. எதுவும் முடிந்திருக்கவில்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சில்லுக்கு வருவோம். ஒரு வட்டத்தை 360 ஆகப் பங்கிடுவது எவ்வளவு கஷ்டம் என்று நான் முப்பது வருடம் பிளான் கீறியும் யோசித்ததில்லை. பாகைமானியில் கோடு இருக்கும், அவ்வளவுதான். ஐயா கவராயத்தை எடுத்து ஒரு சிமெந்துப் பைக் கடதாசியில் வட்டம் போட்டார். ஆரையை விளிம்பில் அடி வைத்துக்கொண்டு போனால் ஆறு தரத்தில் சுற்றி வந்துவிடும்: 60 பாகை. பாதியாக்கினால் 30. பாதி, 15. இன்னும் பாதி, ஏழரை. "இனி?" என்றார். இனி ஒன்றுமில்லை. பாதியாக்கிக்கொண்டே போனால் ஒரு பாகை வராது. மூன்றாகவும் ஐந்தாகவும் பங்கிட வேண்டும். ஐந்தாக்க ஒரு வழி உண்டு, மூன்றாக்கக் கவராயத்தால் நேர்வழி கிடையாது, குத்திக் குத்திப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ராம்ஸ்டனுக்கு முந்திய பெரிய கை ஜோன் பேர்ட். அவர் செய்த தந்திரத்தை ஐயா சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அவர் 90 பாகையில் தொடங்கவில்லை. 85 பாகை 20 கலை. ஏன் இந்த அலங்கோலமான எண்? கலையாக்கினால் 5120. அதைப் பாதி, பாதி, பாதி என்று பத்துத் தரம் செய்தால் 1024 துண்டு, ஒவ்வொன்றும் நறுக்கென்று ஐந்து கலை. பாதியாக்குவது மட்டும்தான் நம்பத்தக்க வேலை என்பதால், பாதியாக்கினால் முடிகிற இடத்தைத் தேடி அங்கே தொடங்கியிருக்கிறார்.

பேர்ட் கையால் செய்ததை ராம்ஸ்டன் சில்லால் செய்தார். 45 அங்குலச் சில்லு, விளிம்பில் 2160 பல்லு. பல்லோடு ஒரு திருகாணி. திருகாணி ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு பல் நகரும். 2160ஐ 360ஆல் பிரித்துப் பாருங்கள்: ஆறு. ஆறு சுற்று ஒரு பாகை, ஒரு சுற்று பத்துக் கலை. செக்ஸ்டன்ட், அதாவது கப்பலில் சூரியன், நட்சத்திரத்தின் கோணம் பார்க்கிற கருவி, அதன் வளையத்தைச் சில்லின் மேல் பூட்டிக் காலால் மிதித்துக்கொண்டு போனால் கோடு தானாக விழும். 1770களின் நடுவில் முடித்தார். கடல் நெட்டாங்கு பார்க்கிற அரசாங்கச் சபை 615 பவுண் கொடுத்தது. சும்மா இல்லை: மற்றக் கருவிக்காரருக்கும் இந்த மெசினில் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும், அதே வேலை செய்கிற ஒக்டன்ட் ஒன்றுக்கு மூன்று சிலின், செக்ஸ்டன்டுக்கு ஆறு. இரகசியத்தை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கையடக்கமான, நம்பிக்கையான செக்ஸ்டன்ட் கப்பல்காரருக்கு மலிவாகக் கிடைத்தது அதற்குப் பிறகுதான். அவருடைய முதல் மெசினைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் மேசைக்கு அடியில் மறைத்துப் பாரிசுக்குக் கடத்தினாராம். இரண்டாவது இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில்.

"என்ட சில்லுல 40 கம்பி" என்றார் ஐயா. "கம்பிக்கு ஒம்பது பாகை. இதுக்கு ஒரு திருகாணி பூட்டோணும்." எவ்வளவு காலமாகப் பூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "பன்ரெண்டு வருஷம்." குரலில் ஒரு கூச்சமும் இல்லை.

மத்தியானம் மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். சாப்பிட்ட கை காயும்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். நான் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் வைரவர் மடைக்கு ஊருக்குள்ள போயிருந்தம். வந்து பாக்கக்குள்ள வீடு இல்ல." பிறகு பட்டியல். பெரிய கவராயம், சின்னக் கவராயம், இரண்டு மூலைமட்டம், ஒன்று எபனி, செயின் ஒன்று, நூறு கண்ணி, தகப்பனின் பீல்ட் புத்தகங்கள் ஏழு, டி அடிமட்டம். ஒவ்வொன்றையும் பெட்டியில் எந்தப் பக்கம் இருந்தது என்று சேர்த்துச் சொன்னார். கடைசியில் பாகைமானியை மடியில் வைத்துத் திருப்பினார். "இதுவும் பெட்டிக்குள்ள இருந்திருக்கும். நீங்க சொன்ன நாளுக்கு முந்தி, கார்த்திகையிலயே கொண்டந்து தந்திருந்தா."

நான் வேறு பக்கம் பார்த்தேன். அம்மா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனா.

பின்னேரம் கோடுகளுக்குக் கறுப்பு ஊட்டினோம். தேன்மெழுகு ஒரு சின்ன உருண்டை, மண்ணெண்ணெய் விளக்கில் பிடித்த கரி. இரண்டையும் ஒரு சிரட்டைக்குள் உருக்கிக் குழைத்துப் பித்தளையை இலேசாகச் சூடுகாட்டி, சின்னி விரலால் பூசினார். ஆறியதும் ஒரு சீலைத்துண்டை நாலாக மடித்துப் பலகைத்துண்டில் இறுக்கிச் சுற்றி, மேலால் ஒரு இழுப்பு. சீலை மெத்தென்று இருந்தால் கோட்டுக்குள் புகுந்து மெழுகை உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும். தட்டையாக இருக்க வேண்டும். இழுத்த இடத்தில் 40, 50, 60 என்று எண்கள் எழும்பி வந்தன. 130க்கும் 170க்கும் இடையில் என் அம்மாவின் புளி கொஞ்சம் பலமாகத்தான் வேலை செய்திருக்கிறது.

டின்னின் அடியில் ஒரு அப்பியாசக் கொப்பி இருந்தது. அதை அவர் எடுத்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2004இல் சாமானைத் தருவதற்கு முன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: "என்ட வளவை அளந்து, இதால பிளான் கீறி, சாமானோட கொண்டு வாங்க. அப்பதான் உங்களுக்குப் பாவிக்கத் தெரியுமெண்டு ஒத்துக்கொள்ளுவன்." ஒரு பின்னேரம் முழுக்கத் திசைகாட்டிக் கொம்பாசும் டேப்பும் கொண்டு அளந்தேன். கிணற்றடியில் தொடங்கிச் சுற்றி வந்து கிணற்றடியில் முடித்தேன். எல்லாம் கொப்பியில் இருக்கிறது, திசைக்கோணம், அடி, அங்குலம். பிளான் மட்டும் கீறவில்லை.

ஐயா கொப்பியை மூடி வைத்தார். "நாளண்டைக்கு வாங்க. நாளைக்கு வவுணதீவுக்குப் போவம்."

ஜனவரி 13, திங்கள். வவுணதீவு

போயா, பௌர்ணமி விடுமுறை. ஓட்டோ பிடித்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குப் போனோம். இரு பக்கமும் வேளாண்மை. இங்கே வேளாண்மை என்றால் நெல்லேதான். வயலில் நிற்கிற பயிரைக் காட்டி "வேளாண்மை நல்லா நிக்கு" என்பார்கள். சில வயல்களில் மழை வெள்ளத்தில் கதிர் சாய்ந்து கிடந்தது.

இங்கே எதற்கு? அடிக்கோடு பார்க்க. முழு நாட்டையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கிறபோது ஒரே ஒரு பக்கத்தைத்தான் நிலத்தில் நீளமாக அளப்பார்கள். மற்றதெல்லாம் கோணத்தால் கணக்கில் வரும். அந்த ஒரு பக்கம்தான் அடிக்கோடு. இலங்கையில் இரண்டு: ஒன்று நீர்கொழும்புப் பக்கம் கண்டவல, மற்றது இந்த வவுணதீவு. ஒரு கரையில் தொடங்கிய கணக்கு மறுகரைக்கு வந்து சேரும்போது சரியா என்று பார்க்க இரண்டாவது. இலங்கை நிலப்படங்களின் கட்டம் எல்லாம் பீதுருதாலகாலை மலையை வைத்து எண்ணுவது எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்களுக்கு ஒரு கால் இந்த வயல்வெளியில் ஊன்றியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஓட்டோவில் ஐயா ராம்ஸ்டனைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் செய்த நூறடி உருக்குச் செயின் ஒன்று, நாற்பது கண்ணி, சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கப்பலேறியது. அங்கே வேண்டாம் என்று விட்டார்கள். அது கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவை முக்கோணமாக அளக்கத் தொடங்கிய வெள்ளைக்காரர் லாம்டன் கையில் சேர்ந்தது. 1802இல் சென்னை பரங்கிமலையடியில் ஏழரை மைல் அடிக்கோட்டை அந்தச் செயினால்தான் அளந்தார். லாம்டனின் பெரிய தியோடலைட்டை, கோணம் அளக்கிற கருவியை, செய்த வில்லியம் கேரி, ராம்ஸ்டன் பட்டறையில் தொழில் பழகியவர். 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு விட்டு, அரைத் தொன் சாமான் சுவரில் மோதி வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து ஆறு கிழமை தட்டித் தட்டி நிமிர்த்தினார். "வட்டத்தைத் தட்டி நிமித்திறதெண்டா என்னெண்டு தெரியுமா?" என்று ஐயா கேட்க, ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "ரிம் பெண்டு எடுக்கிற மாதிரியா ஐயா?" என்றார். ஐயாவுக்கு அந்த ஆளை நன்றாகப் பிடித்துவிட்டது.

கல்லைக் காணவில்லை. வரம்பில் நின்ற ஒருவரிடம் அந்தக் காலத்து அளவைக் கல் இருக்கிறதா என்று கேட்டோம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் உள்ள எல்லைக்கல். அதைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருந்தது. ஐயா முழுவதையும் கேட்டு, கல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பும்போது நான் ஒரு கணக்குச் சொன்னேன். எங்கள் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800 ஆகஸ்ட் 2. ராம்ஸ்டன் பிரைட்டனில் இறந்தது அதே வருடம் நவம்பர் 5. ஐயாவுக்கு முதல் திகதி தெரியும், இரண்டாவதும் தெரியும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லையாம். "மூணு மாசம்" என்றார். வலையிறவுப் பாலம் தாண்டும் வரை வேறு பேச்சில்லை.

இரவு கல்லடிப் பாலத்தில் பௌர்ணமிக் கூட்டம். பாடுமீன், அதாவது வாவிக்குள் மீன் பாடும் என்கிற சத்தம், கேட்க வந்தவர்கள். மேகத்துக்குள் நிலவு போய்ப் போய் வந்தது. பத்தரை வரை நின்றேன். எனக்குப் புதுப் பாலத்து வாகனச் சத்தம்தான் கேட்டது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

காலையில் அவர்கள் முற்றத்தில் பொங்கல். பானை வடக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. ஐயா பாகையில் சொல்லப் பார்த்தார், அம்மா விடவில்லை.

பிறகு மேசை. அங்குலத்துக்கு எட்டடி அளவுத்திட்டம். ஐயா கொப்பியை வாசிக்க, நான் திருப்பி வைத்து அமத்தினேன். ஊசி தாளில் இறங்கும்போது ஒரு சின்ன "டிக்". இரண்டு பக்க வேணியரையும் வாசிக்கச் சொன்னார். நடுக்கண்ணாடி ஒரு மயிரளவு விலகியிருந்தால் ஒரு பக்கம் கூட்டிக் காட்டும், மறுபக்கம் அதே அளவு குறைத்துக் காட்டும், இரண்டையும் கூட்டிப் பாதியெடுத்தால் சரி வந்துவிடும். ராம்ஸ்டன் கால்வட்டத்தை விட்டு முழு வட்டத்துக்குப் போனதே இதற்காகத்தானாம்.

கிணற்றில் இருந்து மதில் மூலை. மதில் மூலையில் இருந்து கடற்கரைப் பக்கக் கதியால். கதியாலில் இருந்து பனை. பனையில் இருந்து குசினி மூலை. அடுத்தது முன்வாசல். அம்மா அரிசிமாக் கையோடு வந்து ஐயாவின் தோளுக்குப் பின்னால் நின்றா.

கடைசிக் கோடு கிணற்றுக்குத் திரும்ப வந்தது. சேரவில்லை. அரை நூல் இடைவெளி. நிலத்தில் அரை அடி. ஐயா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"கொம்பாஸ் வேலைக்கு இது காணும்" என்றார். "பனையடியில டேப்பைத் தொய்ய விட்டிருப்பீங்க."

அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பினா. விரலால் கிணற்றைத் தொட்டா, குசினியைத் தொட்டா.

"முருங்கைய விட்டுட்டீங்க மகன்."

கொப்பியைப் புரட்டினேன். முருங்கைக்கு அளவு எடுக்கவில்லை. எவ்வளவு தூரம் இருக்கும் அம்மா என்று கேட்டேன். அவ தூரம் சொல்லவில்லை. குசினி மூலைக்கும் கிணற்றுக்கும் நடுவில், கொஞ்சம் கிணற்றுப் பக்கமாக, விரலை வைத்து அமத்தி எடுத்தா. அரிசிமா ஒரு பொட்டாகத் தாளில் ஒட்டிக்கொண்டது. ஐயா பென்சிலை எடுத்து அதைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.